இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை

ஞானசௌந்தரி டீச்சரை பி பிளாக் நூற்று மூன்றாம் எண் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி போர்த்தி இறக்கிக்கொண்டு போன பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, திருச்சிக்கு வெளியே இருக்கும் மருதம் குடியிருப்பின் தொண்ணூற்றாறு வீடுகளிலும் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வாசலில் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் சொன்னார்; இளசா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாளும் சொன்னாள்; மாமியாரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மருமகள் சொன்னாள்; பிள்ளையார் சன்னதியில் அர்ச்சனை செய்துகொண்டிருந்த குருக்கள் நாற்பத்திரண்டாவது நாமத்துக்கும் நாற்பத்து மூன்றாவது நாமத்துக்கும் நடுவில் சொன்னார்; பேசாமல் இருந்தவர்களுக்கும் உதடு தானாகத் திறந்துகொண்டது. "இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதவும்." அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வண்டிக்காரர் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் இரண்டு காய் கூடப் போட்டார்.

அந்த வாக்கியத்தை எழுதியவள் மரகதவல்லி. ஐம்பத்தாறு வயது, டெலிபோன் எக்சேஞ்சில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள், கணவர் இறந்து நான்கு வருடம், மகன் புனேயில். குடியிருப்புக்காரர்கள் மட்டும் உள்ளே நுழையக்கூடிய மருதம் மன்றம் என்ற இணையப் பக்கத்துக்கு அவள்தான் மட்டுறுத்துநர். அதாவது, யாராவது ஒரு கேள்வி எழுதி இழை தொடங்கினால் அதில் வரும் பதில்களைப் படிப்பது, கெட்ட வார்த்தை வந்தால் நீக்குவது, சண்டை முற்றினால் இழையைப் பூட்டுவது அவள் வேலை. பூட்டிய இழையில் அதற்குப் பிறகு யாரும் எழுத முடியாது. தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவுவார்கள் என்று யாரோ கேட்டு இரண்டு மாதம் ஒருவரும் பதில் எழுதாமல் விட்டபோது, கேட்டவர் பாவம் என்று நினைத்து, நினைவூட்டி என்ற ஒன்றை அவள்தான் மன்றத்தில் பொருத்தினாள். வீட்டு வேலை முடிந்து அவள் கணினி முன் உட்காரும் நேரத்தில், வியாழக்கிழமைதோறும் பத்துப் பத்துக்கு, பதில் வராத இழைகள் எல்லாவற்றிலும் அது தானாகவே அந்த இரண்டு வரிகளைப் பதியும். 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துக் கடைசியில் சேர்த்திருந்தாள்.

பூட்டிய இழைகளுக்கு நினைவூட்டி போகாது. அப்படித்தான் அதை அமைத்திருந்தாள்.

டீச்சரை இறக்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பி-104இல் இருந்துகொண்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஹமீதா மன்றத்தில் ஒரு கேள்வி எழுதினாள். 'நேற்றிலிருந்து சுவரில் யாரோ தட்டும் சத்தம் கேட்கிறது. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று தட்டு. எந்த வீட்டிலிருந்து என்று தெரியவில்லை. யாருக்காவது உதவி வேண்டுமா?' இதற்கு நாற்பத்து மூன்று பதில் வந்தது. குழாயில் காற்று அடைத்தால் அப்படித்தான் தட்டும் என்று ஒருவர் எழுதினார். சி பிளாக்கில் டைல்ஸ் வேலை நடக்கிறது என்று ஒருவர். குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள் என்று ஒருவர். உங்கள் தையல் மிஷின் காலை ஆறு மணிக்கு ஓடுவதை நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா என்று ஒருவர் கேட்டார், அதற்குப் பிறகு சத்தத்தை எல்லாரும் மறந்துவிட்டுத் தையல் மிஷினைப் பற்றியே எழுதினார்கள், வீட்டில் வைத்துத் தொழில் செய்யலாமா கூடாதா என்று எழுதினார்கள், யார் யாரெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள் என்று எழுதினார்கள். திங்கட்கிழமை காலை மரகதவல்லி 'இந்த விவாதம் மூடப்பட்டது' என்று எழுதி இழையைப் பூட்டினாள். பன்னிரண்டு பேர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஞானசௌந்தரி டீச்சர் இரண்டு வாரமாகப் பூசைக்கு வரவில்லையே என்று பங்குக் கோயிலிலிருந்து மூன்று பெண்கள் தேடி வந்தார்கள். மணியடித்தார்கள், கூப்பிட்டார்கள், பிறகு ஆசாரியை வரவழைத்துக் கதவைத் திறந்தார்கள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, கல்யாணம் செய்துகொள்ளாமல், தனியாக இருந்த டீச்சர் படுக்கையறைச் சுவரோரம் தரையில் கிடந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது, குரலும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். எட்டுகிற தூரத்தில் தண்ணீர்க் குடம் இருந்ததால் புதன்கிழமை வரை உயிர் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். இடது கையில் பித்தளை டம்ளர் இருந்தது. சுவரில் அந்த உயரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை பத்துப் பத்துக்கு, பூட்டிய இழையின் அடியில் நினைவூட்டி தன் வரிகளைப் பதிந்தது. மரகதவல்லி நீக்கினாள். மறுபடி பதிந்தது. அன்று மாலைக்குள் பதினேழு முறை நீக்கினாள். பிறகு நினைவூட்டியை நிறுத்தினாள், இழையை யார் கண்ணுக்கும் படாமல் மறைத்து வைத்தாள், கணினியின் மின்சார ஒயரையும் பிடுங்கிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை அது மனிதர்களின் வாயில் வந்துவிட்டது.

ஊர் என்பது எதையும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளும். முதல் வாரம் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டாம் வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கேட்டுக்குள் நுழைந்த ஐந்தாம் நிமிடம், நாக்கை நீட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே தானும் அதைச் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார், மருந்து எதுவும் எழுதவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து குருக்கள் அர்ச்சனையைப் பத்து மணிக்குள் முடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்த்தவர்கள், "சார், பத்து பத்துக்கு நான் ஒன்னு சொல்லுவேன், உங்களைச் சொல்றதா எடுத்துக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லப் பழகினார்கள். ஏ பிளாக்கில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு குடும்பமும் ஒன்றாக அதைச் சொன்னார்கள். ஒரே குரலாக வந்ததே நல்ல சகுனம் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

சி பிளாக்கில் செண்பகம் என்று ஒரு அம்மாள் இருந்தாள். அவள் மகன் முகுந்தனுக்கு முப்பத்தொரு வயது, பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. முதல் வியாழக்கிழமை அவன் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து அந்த இரண்டு வரியும் எழுத்து எழுத்தாக, கொஞ்சம் கட்டைக் குரலில், அவன் அப்பாவின் குரலில், வந்தது. செண்பகம் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒன்பதரைக்கே குளித்து, நல்ல புடவை கட்டி, மகனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்துகொள்வாள். பத்துப் பத்துக்கு அவள் வாயும்தான் பேசும், ஆனால் காது மகனிடம் இருக்கும். முடிந்ததும் அவன் கன்னத்தைத் தடவிவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போவாள். வாரத்தின் மற்ற ஆறு நாளையும் அந்தப் பத்து வினாடியை வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

அந்த வாக்கியம் தனக்கே சொல்லப்பட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பதில் சொல்லாமல் விட்ட கேள்வி இல்லாத மனிதர் யார்? குடியிருப்போர் சங்கத் தலைவர் கோவர்தனன், அம்மா சாகும்போது ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று அண்ணன் பத்தொன்பது வருடத்துக்கு முன் கேட்ட கேள்விக்கு, ஐந்தாம் வாரம் பஸ் ஏறிப் போய்ப் பதில் சொன்னார். டி பிளாக்கில் ஒரு கணவன் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டதற்கு இப்போது உண்மையைச் சொன்னான். அவள் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் எழுந்து அவனுக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைத்தாள். பிள்ளைகள் அப்பாக்களிடம் போய் உண்மை மார்க்கைச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டு வியாழன் காலையில் வரத் தொடங்கினார்கள். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, தங்கள் வாயால் அதைச் சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்யப் போனார்கள். கூடத்து வாசலில் சுக்கு காப்பி கொடுக்க இரண்டு வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள்.

இது மன்றத்து நினைவூட்டியின் வாக்கியம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மரகதவல்லியை அவர்கள் கொண்டாடினார்கள். பொங்கல் விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். "நம்ம மேடம் எழுதின ரெண்டு வரி, எத்தனை வீட்டுக் கதவைத் திறந்திருக்கு பாருங்க" என்று கோவர்தனன் மைக்கில் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அந்த வாக்கியம் எந்தக் கேள்வியின் அடியில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானசௌந்தரி டீச்சர் தூக்கத்தில் போய்விட்டார் என்றே குடியிருப்பில் சொல்லிக்கொண்டார்கள், மாற்றிச் சொன்னால் யாருக்கும் நன்றாக இருக்காது என்பதால்.

மரகதவல்லி சால்வையைக் கொண்டுபோய் அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் வைத்தாள். அவளைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. எல்லார் வாயிலும் அந்த வாக்கியம் வந்த நேரத்தில் அவள் வாயில் மட்டும் அது வரவில்லை. முதல் வாரம் மாடிப்படியில் நின்றுகொண்டு, மேலும் கீழும் எல்லாரும் சொல்வதைக் கேட்டு, தனக்கும் இப்போது வரும் இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டாள். பதில் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதவும் என்று தொண்ணூற்றாறு வீடும் சேர்ந்து யாரிடம் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஏனென்றால் அவள் வீடு பி-203. டீச்சர் வீட்டுக்கு நேர் மேலே.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மத்தியான நேரம் மரகதவல்லி மிக்ஸியில் இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தபோது கீழே டீச்சர் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினார். மரகதவல்லி நிறுத்தினாள். மறுநாளும் தட்டினார். மூன்றாம் நாள் இவள் கீழே இறங்கிப் போய், எங்க வீட்ல நாங்க அரைக்கக் கூடாதா என்று கேட்டாள். தலைவலி தாங்கலைம்மா என்று டீச்சர் சொன்னார், அதை இவள் குத்தலாக எடுத்துக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தர் மேலே பார்ப்பார், ஒருத்தர் கீழே பார்ப்பார். கம்பால் தட்டுவதும், பதிலுக்கு மிக்ஸி ஓட்டுவதும் இரண்டு வருடமாக நடந்தது.

அந்தச் சனிக்கிழமை மூன்று தட்டு கேட்டபோது மரகதவல்லிக்கு எந்த வீடு என்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆரம்பிச்சாச்சா என்று நினைத்தாள். ஹமீதாவின் கேள்வியைப் படித்தபோதும், நாற்பத்து மூன்று பதிலையும் ஒவ்வொன்றாகப் படித்தபோதும், இழையைப் பூட்டியபோதும், தரைக்கு அடியில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பதினான்காம் வியாழக்கிழமை காலை, டீச்சரின் தம்பி மகள் ஜெபசெல்வி தூத்துக்குடியிலிருந்து வந்தாள். அவள் அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். அத்தை வீட்டை விற்க வேண்டும், சாமான்களைப் பார்த்துவிட்டுச் சாவியை யாரிடமாவது பொறுப்பாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டபோது, கோவர்தனன் மரகதவல்லி வீட்டைக் கைகாட்டினார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் படியேறி வந்து மணியடித்தாள். நாற்பது வயதிருக்கும். டீச்சரின் நெற்றி அப்படியே இருந்தது.

"காப்பி போடட்டுமா?" என்று மரகதவல்லி கேட்டாள்.

"வேண்டாம்க்கா. தண்ணி மட்டும் போதும்."

தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கு இருந்து பாக்க முடியல. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், வேனை விட்டுட்டு நகர முடியாது. அடக்கத்துக்கு மட்டும் வந்து மண்ணு போட்டுட்டு அன்னைக்கே திரும்பிட்டேன். யாருகிட்டயும் நின்னு ஒரு வார்த்தை கேக்கல. நீங்க மேல்வீட்லயே இருக்கீங்க. அதனால கேக்குறேன். அத்தை கஷ்டப்பட்டாங்களா?"

பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. எல்லாரும் சொல்லிப் பழகிய பதில், யாருக்கும் வலிக்காத பதில்.

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒன்னும் தெரிஞ்சிருக்காது."

ஜெபசெல்வியின் தோள் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சொல்வதுபோல் வாயைத் திறந்தாள். சுவரில் மணி பத்துப் பத்து.

"இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை," என்றாள் ஜெபசெல்வி. "பதில் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதவும்."

கீழே வாசலிலும், எதிர் பிளாக்கிலும், சமுதாயக் கூடத்துக் கூட்டத்திலும் அதே வார்த்தைகள் எழுந்து அடங்கின. ஜெபசெல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது? நான் இதைச் சொல்ல நினைக்கவே இல்ல."

"இங்க அப்படித்தாம்மா வரும்," என்றாள் மரகதவல்லி. உதட்டை அசைக்க அவள் இந்த முறை மறந்துபோயிருந்தாள். எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பொய் சொன்னேன். உங்க அத்தை தூக்கத்துல போகல. சனிக்கிழமை விழுந்தாங்க. புதன்கிழமை வரைக்கும் இருந்தாங்க. பேச முடியல. டம்ளரால சுவத்துல தட்டிட்டே இருந்தாங்க."

ஜெபசெல்வி மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு ஹமீதாவுக்குக் கேட்டிருக்கு. எந்த வீடுன்னு அதுக்குத் தெரியல, எல்லாரையும் கேட்டு எழுதுச்சு. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் நிச்சயமாத் தெரியும். ஆனா நான் வேற மாதிரி நினைச்சேன். எங்களுக்குள்ள பேச்சில்ல. மிக்ஸி சத்தத்துக்கு உங்க அத்தை தட்டுவாங்க, அதுதான்னு நினைச்சுட்டேன். அதனால..." அவள் நிறுத்தினாள். இதுவரை தனக்குத்தானேகூட அவள் வாய்விட்டுச் சொல்லாதது அதுதான். "அவங்க தட்டத் தட்ட நான் மிக்ஸிய ஓட்டினேன். திங்கக்கிழமை அரைக்க ஒன்னுமே இல்ல. வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டினேன். அவங்க நிறுத்துற வரைக்கும் ஓட்டினேன்."

கூடத்திலிருந்து கலைந்து போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது.

"எப்போ நிறுத்தினாங்க?" என்று கேட்டாள் ஜெபசெல்வி.

"அன்னைக்கு ஒரு கால் மணி நேரத்துல. மறுபடி சாயங்காலம் தட்டினாங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை. புதன்கிழமை காலையில ஒரு தடவை, மெதுவா."

"எண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு எறங்கி வரத் தெரியலையா?"

ஜெபசெல்வி அழவில்லை, வேன் ஓட்டுபவள் முன்கண்ணாடியைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு கேட்டு எழுதினதைக் காட்டுங்க," என்றாள்.

மரகதவல்லி கணினியைத் திறந்து, மறைத்து வைத்திருந்த இழையை வெளியே எடுத்து, நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றாள். ஜெபசெல்வி ஹமீதாவின் கேள்வியிலிருந்து தொடங்கி நாற்பத்து மூன்று பதிலையும் படித்தாள். தையல் மிஷினைப் பற்றிய பகுதியில் ஒருமுறை கையெடுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கடைசியில் 'இந்த விவாதம் மூடப்பட்டது' என்ற வரியையும் அதன் கீழே கைகூப்பிய பன்னிரண்டு ஜோடிக் கைகளையும் பார்த்தாள். எழுந்து நாற்காலியை மரகதவல்லி பக்கம் தள்ளினாள்.

மரகதவல்லி பூட்டை எடுத்தாள். எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

'ஹமீதா கேட்ட கேள்விக்குப் பதில். சத்தம் பி-103இலிருந்து வந்தது. தட்டியவர் ஞானசௌந்தரி டீச்சர். அது எந்த வீடு என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் போய்ப் பார்க்கவில்லை. அவர் தட்டும்போது வேண்டுமென்றே மிக்ஸியை ஓட்டினேன். கேள்வியையும் பூட்டினேன். மரகதவல்லி, பி-203.'

"போட்டுருங்க," என்றாள் ஜெபசெல்வி.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை நீட்டினாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது. வீட்டைப் பாக்க ஆளு வருவாங்க. நீங்களே தெறந்து காட்டுங்க. அத்தை எப்படிப் போனாங்கன்னு கேட்டா, எங்கிட்ட சொன்னதைச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"விக்காமப் போயிடும்மா."

"போகட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மத்தியானம் ஹமீதா வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும் ஹமீதா."

"நான் எத்தனை நாள் என்னையே திட்டிக்கிட்டேன் தெரியுமா? பக்கத்துச் சுவரு. எந்திரிச்சுப் போய் ஒரு மணி அடிச்சிருந்தா தீந்துச்சு. நான் மன்றத்துல எழுதினேன். எழுதிட்டு, கேட்டாச்சுன்னு உக்காந்துட்டேன். அப்புறம் என் மிஷினைப் பத்திப் பேசவும் எனக்கு ரோஷம் வந்துருச்சு. சத்தம் வந்தா காதுல இயர்போனை மாட்டிக்கிட்டேன்." அவள் நாடாவைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றினாள். "நீங்க சொன்னதால எனக்குப் பாரம் குறையும்னு நினைச்சுதான் படியேறுனேன். குறையலக்கா."

மாலையில் கோவர்தனன் வந்தார். பொங்கலுக்கு அவளுக்குச் சால்வை போர்த்திய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "மேடம், உங்க மனசு புரியுது. ஆனா இப்ப இது தேவையா? நல்லாப் போயிட்டிருக்கு எல்லாம். அந்த இழைய மறுபடி பூட்டிருங்க," என்றார். இனி நான் எதையும் பூட்ட மாட்டேன், வேற ஆளைப் போட்டுக்கங்க என்று மரகதவல்லி சொன்னாள். அன்றே மட்டுறுத்துநர் பொறுப்பை எழுதிக் கொடுத்தாள். அதை ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு வெளியூர்க்காரர்கள் வழக்கம்போல் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், சுக்கு காப்பி கொதித்தது, குருக்கள் அர்ச்சனையை முடித்துவிட்டு மடியில் கை வைத்துக் காத்திருந்தார். பத்துப் பத்து ஆயிற்று. பத்துப் பதினொன்று ஆயிற்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச வேண்டிய சொல்லை அவரவர் வாயே தேட வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு வெளியூர்க்காரர்கள் பாயைச் சுருட்டினார்கள். ஒருவர், கரூரிலிருந்து முதல் தடவை வந்தவர், எங்களுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று செண்பகம் நல்ல புடவையோடேயே மரகதவல்லி வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து மரகதவல்லி கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எம் புள்ள இன்னைக்குப் பேசல," என்றாள் செண்பகம்.

"தெரியும்மா."

"ஒரு மணி நேரம் வாயைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவனும் என் வாயைப் பாத்துட்டு உக்காந்திருந்தான்." செண்பகம் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவன் கேட்டதெல்லாம் உங்கிட்ட கேட்டதுதானா மரகதம்? பதினாலு வாரம். எங்கிட்ட ஏதோ கேக்குறான், எனக்குத்தான் பதில் தெரியலன்னு நினைச்சு உருகிட்டிருந்தேன்."

மரகதவல்லி அவள் காலடியில் உட்கார்ந்தாள். செண்பகம் தடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்புல பால் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மன்றத்தில் ஒன்பது நாள் யாரும் எதுவும் எழுதவில்லை. பத்தாம் நாள் திறந்திருந்த இழையில் டி பிளாக்கிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எனக்கும் கேட்டது.' அவ்வளவுதான். மறுநாள் இரண்டு பேர் எழுதினார்கள். பந்து என்று எழுதியவர் எழுதினார், குழாயில் காற்று என்று எழுதியவர் எழுதினார், தையல் மிஷினைப் பற்றி எழுதியவர் எழுதி, ஹமீதாவின் பெயரையும் எழுதி, அதற்குமேல் சொல் கிடைக்காமல் நிறுத்தியிருந்தார். கைகூப்பிய பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் எழுதினார்கள். மாதக் கடைசியில் கோவர்தனன் எழுதினார்: 'எனக்கும் கேட்டது. மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இறங்கி வந்தேன்.' சமுதாயக் கூடத்தில் மறுபடி கல்யாண நிச்சயங்களும் பிறந்தநாள்களும் நடந்தன. வியாழக்கிழமைகளில் பத்து மணி வாக்கில் மட்டும் குடியிருப்பு கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசியது.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மரகதவல்லி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் ஜன்னல்களைத் திறந்துவிடுவாள், சமையலறையைக் காட்டுவாள், படுக்கையறையைக் காட்டுவாள். யாராவது கேட்பார்கள், கேட்காதவர்களிடம் அவளே சொன்னாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னாள், மிக்ஸியை விடாமல் சொன்னாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் பாதியிலேயே வெளியே போய்விட்டார்கள். ஒரு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா என்று கேட்டாள். ஒவ்வொருவர் போன பிறகும் அவள் தூத்துக்குடிக்குப் போன் செய்து சொல்வாள். வேன் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, சரிக்கா என்று ஜெபசெல்வி வைத்துவிடுவாள்.

ஆடி முடிந்து ஒரு திங்கட்கிழமை பழனியாண்டி என்று ஒருவர் வந்தார். அறுபத்தெட்டு வயது, சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர், ஒற்றை ஆள், கையில் ஒரு ரெக்சின் பை. அவள் சொன்னதை எல்லாம் படுக்கையறையில் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் பையைக் கீழே வைத்தார். ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"இப்ப மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் மரகதவல்லி.

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தார். மிக நீண்ட நேரம் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

"காலையில ஆறரைக்கு விடுவாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு," என்று அவள் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை மட்டும் லேட்டாகும்."